குறண்டித் திருக்காட்டாம்பள்ளியும் நம் பாடசாலைகளும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் சாலையின் இருமருங்கும் கரிசலும் செவலும் மாறி மாறி வருகின்றன. மழை பொய்த்த ஆண்டுகளில் வெடித்துக் கிடக்கும் கண்மாய்கள், கரைமேல் பனைகள், தரிசெங்கும் பரவிவிட்ட சீமைக்கருவேல். குண்டாறுகூட ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. சென்ற தை மாதத்தில் நம் பாடசாலைப் பிள்ளைகளையும் முதியோர் சிலரையும் அழைத்துக்கொண்டு மதுரைச் சமணர்மலையைத் தரிசித்தபின் இவ்வழியே சென்றோம். நாம் காண விரும்பியது திருச்சுழிக்கு அண்மையிலுள்ள பள்ளிமடம் என்னும் சிற்றூர்.

ஊர்ப் பெயரிலுள்ள ‘பள்ளி’யைக் கண்டவுடன் அது நம்முடையதே என்று உரிமை கொண்டாடிவிடலாகாது. அங்குள்ள காளைநாதர் கோயில், சுந்தரபாண்டியன் என்னும் பாண்டியர் குலத்தவன் ஒருவனின் பள்ளிப்படையாக எழுந்தது என்பர் கல்வெட்டறிஞர். ஆயினும் அக்கோயிற் கட்டடத்தில் இடம் பெற்ற கற்கள் சிலவற்றுக்கு வேறொரு வரலாறு உண்டு. அவை வெண்பு நாட்டுக் குறண்டியில் இருந்த திருக்காட்டாம்பள்ளி என்னும் அருகன் பள்ளிக்கு உரியவை. அப்பள்ளிக்கு அளிக்கப்பட்ட அறக்கொடைகளைக் கூறும் எழுத்துகள் அவற்றில் உள்ளன. பள்ளி அழிந்தது, அதன் கற்கள் வேறொரு கட்டடத்திற்குப் பயன்பட்டன. இதில் எவரையும் நோவதற்கில்லை. கல் அரிதான ஊரில் கிடைத்த கல்லை எடுத்துக் கட்டுவது உலக வழக்கு.

குறண்டி என்பது வெறும் வழிபாட்டிடமன்று, கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் பாண்டி நாட்டின் பெரிய சமணக் கல்வி நிலையங்களுள் ஒன்று. இதனைக் குறண்டியில் நின்று அறிவதைவிட அதற்கு வெளியே நின்று அறிவதே எளிது. மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடிச் சமணர்மலையில் பேச்சிப்பள்ளம், செட்டிப்புடவு என்னும் இரு இடங்களிலும் தீர்த்தங்கரர் திருமேனிகளின் கீழ் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ள பெயர்களுள் குறண்டியைச் சார்ந்தோர் பலர். ஓர் ஆசிரியர் எங்குச் சென்றாலும் தாம் கற்ற பள்ளியின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துச் சொன்னார் என்றால், அப்பள்ளிக்கு இருந்த மதிப்பு விளங்கும்.

செட்டிப்புடவுக் குகையின் கல்வெட்டு நம் பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது. வெண்பு நாட்டுக் குறண்டியின் அஷ்டோபவாசி படாரர். அவர் மாணாக்கர் குணசேனதேவர். அவர் மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள். இம்மூன்றாமவர் குயிற்குடி ஊரார் பெயரால் செய்வித்த திருமேனி அது என்பது செய்தி. மூன்று தலைமுறை ஆசிரியர்கள் ஒரே தொடரில் நிற்கின்றனர். எவருடைய தந்தை பெயரும் இல்லை. எவருடைய வயதும் இல்லை. ஒருவரை மற்றொருவரோடு இணைப்பது ‘மாணாக்கர்’ என்னும் ஒரே சொல். முதலாமவரின் பெயரும் எண்ணிப் பார்க்கத்தக்கது. எட்டு நாள் உண்ணாநோன்பு நோற்றவர் என்பதே அதன் பொருள். அவர் ஆற்றிய நோன்பே அவருக்குப் பெயராயிற்று.

இது தற்செயலன்று. நம் துறவோர் சங்கத்தில் மூப்பு என்பது பிறந்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. தீட்சை பெற்ற நாளிலிருந்தே எண்ணப்படுகிறது. அறுபது வயதில் நேற்றுத் துறவேற்ற ஒருவர், இருபத்தைந்து வயதினராயினும் தமக்கு முன்னரே துறவேற்ற முனிவரை வணங்குதல் வேண்டும். இல்லறத்தாருக்கும் இவ்வாறே. இரத்தினகரண்ட சிராவகாசாரம் கூறும் பதினொரு நிலைகளில் எதற்கும் இத்தனை வயது என்ற வரம்பு இல்லை. நாற்பது வயதுத் தந்தை முதல் நிலையில் நிற்க, இருபது வயது மகன் ஏழாம் நிலையை எட்டியிருக்கலாம். ஆகவே சமண மரபில் வகுப்புப் பிரிவே இல்லை என்று கூறுவது தவறு. பிரிவு உண்டு, படிகளும் உண்டு. ஆனால் படியைத் தீர்மானிப்பது ஒழுக்கமும் அறிவும் ஆகும், பிறந்த ஆண்டன்று.

பள்ளியைச் சூழ்ந்து நின்ற மக்களும் பலதிறத்தவரே. பேச்சிப்பள்ளத்தில் அச்சணந்தி முனிவரின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி ஒன்று உண்டு. மகன் முனிவர், தாய் அதே மலையில் அறம் செய்பவர். கழுகுமலையில் ஏறத்தாழ நூறு கல்வெட்டுகளில் படாரர்களோடும் குரத்தியார்களோடும் தச்சரும் உழவரும் குயவரும் பெயர் பெற்றுள்ளனர். சித்தாந்தம் உரைக்கும் இடத்தில் இவர்கள் அனைவரும் எப்போதும் அமர்ந்திருந்தனர் என்று நாம் சாதிக்கவில்லை. ஆனால் குழந்தைகளை ஓரிடத்திலும் உழவரை வேறோரிடத்திலும் துறவியரை மற்றோரிடத்திலும் பூட்டி வைத்த கல்வி நிலையமாக அதனைக் கருத ஒரு சான்றும் இல்லை.

பெருந்தொகையினர் ஒருங்கிருந்து கற்றதற்கும் சான்று தொண்டை நாட்டில் உண்டு. வந்தவாசிப் பகுதியிலுள்ள விடால் என்னும் வேடல் கல்வெட்டு, இராசகேசரிவர்மனின் 14ஆம் ஆட்சியாண்டினது. அவ்வரசனை முதலாம் ஆதித்த சோழன் எனக் கொள்வர். எனில் காலம் கி.பி. 885ஐ ஒட்டியது. குணகீர்த்தி படாரரின் வழி வந்த மாணாக்கியார் கனகவீரக் குரத்தியார் அங்கு இருந்தார். அவரைச் சார்ந்தோர் ஐந்நூற்றுவர். சங்கத்தினுள் எழுந்த ஒரு பிணக்கையும், அக்காலத்தில் குரத்தியாரையும் அவர் வழி மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை அங்குள்ளோர் ஏற்றதையும் கல்வெட்டு கூறுகிறது. ஐந்நூறு பேர் என்றால் அவர்களுள் சிறுமியரும் இருந்திருப்பர். நரை கண்டவரும் இருந்திருப்பர். பிணக்கு ஏற்பட்டதையும் மறைக்காமல் கல்லில் வெட்டியவர்களை நாம் பாராட்டத்தான் வேண்டும். கூடிக் கற்கும் இடத்தில் பிணக்கு வராது என்று எவர் சொல்ல முடியும்?

சமவசரணத்தின் அமைப்பையும் நாம் மறத்தலாகாது. அங்கே பன்னிரண்டு அவைகள் உண்டு. முனிவர், ஆரியாங்கனையர், தேவர், தேவியர், மானிடர், விலங்குகள் எனக் கேட்போர் வகைப்படுத்தப்பட்டுள்ளனர். குழந்தைக்கென்று ஓர் அவையும் கிழவர்க்கென்று ஓர் அவையும் இல்லை. ஒலிப்பது ஒரே திவ்யத்வனி. ஒவ்வோருயிரும் அதனைத் தன்தன் மொழியில் உணர்கிறது. ஒரே பாடத்தை ஆறு வயதினனும் அறுபது வயதினரும் கேட்டால் இருவருக்கும் பயன்படாது என்று வாதிடுவோர் இதனைச் சற்றுச் சிந்திக்க வேண்டும். வடநாட்டுச் சுவேதாம்பர மரபினர் வஜ்ரசுவாமியைப் பற்றிக் கூறும் கதையும் இவ்வகையினதே. ஆரியாங்கனையர் ஓதிக்கொண்டிருந்த பதினோரு அங்கங்களையும் அவர் தொட்டிலில் கிடந்தவாறே கேட்டுக் கற்றார் என்பது அக்கதை.

அப்படியாயின் ஒத்த வயதுப் பிள்ளைகளை ஒரே அறையில் அடைக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அது இல்லை. ஒரே திண்ணையில் மணலில் ‘அ’ எழுதுபவனும் இருப்பான். நிகண்டு ஒப்பிப்பவனும் இருப்பான். ஆசிரியர் ஒருவரே. மூத்தவன் சட்டாம்பிள்ளையாகி இளையவர்க்குப் பாடம் சொல்வான். இம்முறை கடல் கடந்து சென்ற வரலாறு சுவையானது. ஆண்ட்ரு பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர் பிள்ளைகளின் அனாதைப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் எழுதிக் கற்பதைக் கண்ட அவர், தம் பள்ளியிலும் அதனைப் புகுத்த முயன்றார். சம்பள ஆசிரியர்கள் உடன்படவில்லை. எனவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். சிறுவன் வென்றான். 1797இல் பெல் இதனை நூலாக வெளியிட்டார். 1811க்குப் பின் இங்கிலாந்துத் திருச்சபைப் பள்ளிகளில் ‘சென்னை முறை’ என்ற பெயரோடே அது பரவியது. ஏழைப் பிள்ளைகளுக்குச் செலவின்றிக் கற்பிக்கும் சூழ்ச்சியாக அங்கே அது தேய்ந்துபோனது வேறு கதை.

நம் நாட்டிலோ 1854ஆம் ஆண்டின் கல்வி அறிக்கைக்குப் பின் அரசின் மானியம் பெறும் பள்ளிகளும், அவற்றைப் பார்வையிடும் அதிகாரிகளும், ஆண்டுத் தேர்வுகளும் வந்தன. ஆண்டுத் தேர்வுக்கு ஆண்டு வகுப்பு வேண்டும். ஆண்டு வகுப்பு நாளடைவில் வயது வகுப்பாயிற்று. பாடநூலும் தேர்வும் உள்ள கல்விக்கு அது பொருந்தலாம். சமயக் கல்விக்கும் அதுவே பொருந்தும் என்று நாம் எண்ணியதுதான் பிழை.

அப்பிழையை நாமே செய்தோம். நம் ஊர்ச் சினாலயத்தில் ஞாயிறு தோறும் நடைபெறும் பாடசாலையில் பதினேழு பிள்ளைகள். தொடக்கத்தில் அவர்களை எட்டு வயது வரை, பன்னிரண்டு வயது வரை, அதற்கு மேல் என மூன்றாகப் பிரித்தோம். பார்ப்பதற்கு ஒழுங்காகவே இருந்தது. சிறுவர்க்குக் கதை, நடுவினர்க்கு நமஸ்காரமும் தீர்த்தங்கரர் பெயர்களும், மூத்தோர்க்கு அருங்கலச்செப்பு. இரண்டாண்டுகள் கழிவதற்குள் மூத்தோர் பிரிவில் இருவரே எஞ்சினர். சிறுவர் பிரிவில் கூட்டம் குறையவில்லை. ஆனால் கதை கேட்பதோடு நின்றது. தாம் வளர்ந்தால் என்ன கற்போம் என்பதை அக்குழந்தைகள் கண்ணால் காணவே இல்லை. அடுத்த அறையில் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது.

ஒரு ஞாயிறன்று ஆசிரியர் இருவர் வர இயலவில்லை. அனைவரையும் மண்டபத்தில் ஒன்றாக அமர்த்தினோம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியைச் சிறுவர்க்குப் பஞ்ச நமஸ்காரம் சொல்லிக் கொடுக்கப் பணித்தோம். சித்தர்கள் உலகின் உச்சியில் இருப்பவர்கள் என்று அவள் விளக்கிக்கொண்டிருந்தாள். ஆறு வயதுச் சிறுவன் ஒருவன், “அக்கா, மேலே இருப்பவரை ஏன் இரண்டாவதாகக் கும்பிடுகிறோம்?” என்று கேட்டுவிட்டான். அவளுக்கு விடை தெரியவில்லை. நாள்தோறும் ஓதிவந்த எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் அருகில் இருந்தார். அவரும் சற்றுத் தயங்கினார். சித்தர் நிலையே உயர்ந்ததாயினும், அந்நிலை உண்டென்பதையும் அதனை அடையும் நெறியையும் நமக்கு உணர்த்தியவர் அருகர். அதனால் அவரை முதலில் வணங்குகிறோம் என்ற விளக்கத்தை நூலைப் பார்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அன்று மூவர் கற்றனர். ஒரே வயதினர் மட்டும் இருந்திருந்தால் அக்கேள்வி எழுந்திராது. எழுந்தாலும் யாரையும் உலுக்கியிராது.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் உண்மையில் பாதியை மறைத்தவராவோம். எல்லாரையும் எப்போதும் ஒன்றாக அமர்த்தியதில் வேறொரு கேடு விளைந்தது. பதினான்கு வயது மாணவன் ஒருவன் சொல்லாமல் நின்றுவிட்டான். சில மாதங்கள் கழித்தே காரணம் தெரிந்தது. டியூஷன் முடிந்து அவன் வீடு திரும்ப இரவு எட்டு மணியாகிறது. இரவுண்ணாமையைக் காக்க இயலவில்லை. பாடசாலையில் பெரியவர்கள் அதனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தலை குனிந்து இருந்திருக்கிறான். பாட்டனார் வயதினர் முன்னிலையில், “நான் சாப்பிடுகிறேனே, என்ன செய்வது?” என்று எப்படிக் கேட்பான்? நண்பன் பிறந்த நாளில் நீட்டும் கேக்கில் முட்டை இருக்குமோ என்ற ஐயமும், விடுதியில் கிழங்கு தவிர வேறு கறி இல்லாத நாளும் இவ்வாறே. இவை சிறுவர் முன் பேசத்தக்கனவல்ல. முதியோர் முன் பேச முடிவனவும் அல்ல. அவ்வயதினர் தமக்குள் பேசிக்கொள்ள ஓர் இடம் இல்லாதபோது, அவர்கள் பாடசாலையை விட்டே போய்விடுகின்றனர். அவனை மீண்டும் அழைத்துவர நம்மால் இதுவரை இயலவில்லை.

ஆகவே கலந்து கற்பதா, பிரித்துக் கற்பதா என்று கேட்பதைவிட, எதனைக் கலந்து கற்பது, எதனைப் பிரித்துக் கற்பது என்று கேட்பதே தக்கது. இதற்கு விடை தேடிப் புதிய கல்வி நூல்களைப் புரட்டினோம். விடை நம் உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரத்திலேயே இருந்தது. அகத்தவம் ஆறனுள் ஒன்றாகிய சுவாத்தியாயத்தை ஒன்பதாம் அத்தியாயம் ஐந்தாகப் பகுக்கிறது: வாசனை, பிருச்சனை, அனுப்பிரேட்சை, ஆம்னாயம், தர்மோபதேசம். நூலைப் பொருளோடு ஓதுவித்தல், ஐயம் வினாவுதல், மனத்துள் ஆய்தல், பிழையற ஒலித்துப் பயிலுதல், அறம் உரைத்தல் என்று இவற்றைத் தமிழில் கூறலாம்.

இவற்றுள் ஆம்னாயம் கலந்திருந்து பயில வேண்டியது என்பதில் ஐயமில்லை. ஒலி காதால் வருவது. முதியவரின் நாவிலிருந்தே குழந்தையின் நாவுக்கு அது செல்லும். அச்சுப் புத்தகம் அதற்குத் துணையே. வாசனையும் பெரும்பாலும் அத்தகையதே. பிருச்சனைக்கு இரு இடங்கள் தேவை. சித்தர் ஏன் இரண்டாமவர் என்பது போன்ற கேள்வி அனைவரும் உள்ள அவைக்கு உரியது. இரவில் பசித்தால் என் செய்வது என்பது ஒத்தோர் நடுவே எழ வேண்டியது. ஒத்த வயதினர் அரைமணி நேரம் தனியே அமர்ந்து பேசட்டும். அங்கே ஆசிரியர் இருப்பினும் அவர் இளையவராகவும் கேட்பவராகவும் இருத்தல் நலம். அனுப்பிரேட்சை தனிமையில் நிகழ்வது. அதற்கு வகுப்பே வேண்டா. தர்மோபதேசத்தை நாம் முனிவர்க்கும் பண்டிதர்க்கும் மட்டுமே உரியதாக ஒதுக்கிவிட்டோம். தன்னினும் இளையவனுக்கு ஒன்றைச் சொல்ல நேரும்போதுதான் தான் அதனை அறிந்திருக்கிறோமா என்பது ஒருவனுக்குத் தெரிகிறது. எனினும் மூத்த பிள்ளைகளை நிரந்தர உதவியாளராக்கிவிடலாகாது. கொடுப்பதே தொழிலாய், பெறுவது ஒன்றும் இல்லாமற்போனால் அவர்களும் சலித்து விலகுவர். பெல் பாதிரியாரின் முறை இங்கிலாந்தில் மங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இவ்வளவு நுணுக்கமாக இதனை ஆராய்வதற்குக் காரணம் உண்டு. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தில் சமணர் ஏறத்தாழ 89,000 பேர். வடநாட்டிலிருந்து வந்து வாழ்வோரும் இதில் அடங்குவர். தமிழையே தாய்மொழியாகக் கொண்ட நயினார் குடும்பங்கள் இதில் ஒரு பகுதியே. ஊர்தோறும் பத்துப் பதினைந்து பிள்ளைகள் இருந்தால் அதிகம். வயதுக்கு ஒரு வகுப்பு என்ற கணக்கு நமக்கு ஒத்துவராது. சில ஊர்களில் ஒரு வயதுக்கு ஒரு பிள்ளைகூட இல்லை.

தொடர் அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கும், அறாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே சான்றுகள் உண்டு. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை ஆராயப் புகுந்தபோது, சமண சமயச் செய்திகள் விளங்காமல் இடர்ப்பட்டார். கும்பகோணத்துச் சமணர் சந்திரநாத செட்டியார் முதலானோர் அவருக்குத் துணை நின்றனர். இல்லங்களில் அந்நூலைப் படித்தும் கேட்டும் வந்த வழக்கமே அவர்களை அதற்குத் தகுதியுடையோராக்கியது. பல்கலைக்கழகம் எதிலும் அவ்விளக்கம் கிடைத்திராது. 1887இல் சிந்தாமணி அச்சேறியதில் அவ்வீடுகளுக்கும் பங்குண்டு. மறுபுறம் வெண்பு நாடு. அருப்புக்கோட்டைப் பகுதியில் கோவிலாங்குளத்தில் முதலாம் குலோத்துங்கனின் 48ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1118ஐ ஒட்டி, முக்குடையாருக்குக் கோயில் எடுத்துக் கொடையளித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. அதுவரையேனும் இவ்வறண்ட நாட்டில் நம் அறம் ஊரார் அறமாக வாழ்ந்தது. இன்று அதே நாட்டில் குறண்டியின் பாடத்தை ஓதக் கேட்டவர் ஒருவரும் இல்லை. எஞ்சியவை கற்களே.

அக்கற்களைத்தான் நம் பிள்ளைகள் தை மாதத்தில் பார்க்கச் சென்றனர். புறப்படுவதற்கு முன் நான்கு ஞாயிறுகள் வட்டெழுத்துப் பழக்கினோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அட்டையில் எழுதி அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கும் அவள் தோழியர் இருவருக்கும் கற்பித்தார். அவர்கள் மற்றவர்க்குக் கற்பித்தனர். சிறுவர்க்கு எல்லா எழுத்தும் வரவில்லை. ‘மாணாக்கர்’ என்னும் ஒரு சொல்லின் வடிவத்தை மட்டும் மணலில் எழுதி எழுதிப் பழகினர்.

செட்டிப்புடவில் பகவானை வணங்கியபின் அனைவரும் கல்வெட்டின் முன் அமர்ந்தோம். ஆசிரியர் விரலால் காட்ட, மாணவி எழுத்துக் கூட்டினாள். பல இடங்களில் தடுமாறினாள். ஆசிரியருக்கே கண்ணாடி போதவில்லை. நமஸ்காரத்தில் கேள்வி கேட்ட அச்சிறுவன் தரையோடு தரையாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். “அக்கா, நம்ம சொல் இங்கே ரெண்டு தடவை இருக்கு” என்றான். எண்ணிப் பார்த்தோம், இரண்டு தடவை இருந்தது.